போதைப் பழக்கத்திலிருந்து சிகிச்சைக்கு வருபவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்கான விளக்கம்

போதைப்பொருளை வைத்திருப்பவரையும் பயன்படுத்துபவரையும் தண்டிப்பதற்காக இயற்றப்பட்ட 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்திலேயே, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிறுவனத்திலோ சிகிச்சை பெற்றால், பயன்படுத்திய குற்றத்துக்காகவோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்காகவோ அவர் மீது வழக்கு நடத்தக் கூடாது என்று சொல்லும் ஒரு பிரிவும் இருக்கிறது. அது 64-ஏ பிரிவு. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் பிள்ளையின் பழக்கத்தைக் கண்டுபிடித்துவிட்ட பெற்றோர் பலர், மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வந்துவிடும் என்ற அச்சத்தில் வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்துக் காலம் கடத்துகிறார்கள். அந்த அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாததால் வரும் அச்சம் அதில் பெரும்பகுதி என்பதால், அந்தப் பாதுகாப்பு யாருக்கு, எந்த எல்லை வரை, எப்படிக் கிடைக்கும் என்பதை இங்கே விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லை என்ற சொல்லை இரண்டு பொருளில் கவனிக்க வேண்டும். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தவுடன் மாநிலம் மாறுகிறதே தவிர, இந்தச் சட்டம் மாறுவதில்லை. இது நாடாளுமன்றம் இயற்றிய மத்தியச் சட்டம். பெங்களூருவில் வார இறுதிக் கொண்டாட்டத்தில் ஒருவர் கொடுத்த மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரவுப் பேருந்தில் ஓசூர் திரும்பும் இளைஞர், இரு மாநிலத்திலும் ஒரே குற்றத்தையே செய்கிறார். கொண்டாட்டம் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பண்ணை வீட்டில் நடந்தாலும், ஒகேனக்கல் அருகே ஒரு விடுதி அறையில் நடந்தாலும், தனியார் இடம் என்பதால் விலக்கு எதுவும் கிடையாது. தம் வீட்டையோ அறையையோ வாகனத்தையோ இதற்குப் பயன்படுத்தத் தெரிந்தே அனுமதித்த உரிமையாளருக்கும் 25-ஆம் பிரிவின்படி அந்தக் குற்றத்துக்குரிய தண்டனையே உண்டு. பண்ணை வீட்டை நாள் வாடகைக்கு விடுபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

எடைதான் தண்டனையைத் தீர்மானிக்கிறது

இந்தச் சட்டத்தில் ஒருவருக்கு ஓராண்டுச் சிறையா, இருபதாண்டுச் சிறையா என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது அவரிடம் பிடிபட்ட பொருளின் எடை. ஒவ்வொரு பொருளுக்கும் சிறிய அளவு, வணிக அளவு என்று இரண்டு வரம்புகளை மத்திய அரசு 2001-ஆம் ஆண்டு அறிவிக்கையில் நிர்ணயித்தது; பின்னர் வந்த பொருள்கள் அவ்வப்போது சேர்க்கப்பட்டன. சிறிய அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சிறிய அளவைத் தாண்டி வணிக அளவுக்கு உட்பட்டிருந்தால் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும். வணிக அளவைத் தாண்டினால் குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு; அபராதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை.

கஞ்சாவுக்குச் சிறிய அளவு 1 கிலோ, வணிக அளவு 20 கிலோ என்பதைக் கேள்விப்பட்டவர்கள், மற்றப் பொருள்களுக்கும் அதே போன்ற தாராளம் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். கொண்டாட்டங்களில் புழங்கும் பொருள்களின் கணக்கு முற்றிலும் வேறு. எம்.டி.எம்.ஏ. எனப்படும் மாத்திரைக்குச் சிறிய அளவு அரை கிராம், வணிக அளவு 10 கிராம். மெத்தபெட்டமைனுக்கு 2 கிராமும் 50 கிராமும். கோகைனுக்கு 2 கிராமும் 100 கிராமும். ஸ்டாம்ப் என்று சொல்லப்படும் எல்.எஸ்.டி.க்கு வணிக அளவே 0.1 கிராம்தான். இதோடு, பொருளில் மாவோ வேறு கலப்படமோ எவ்வளவு இருந்தாலும் கலவையின் மொத்த எடையையே கணக்கில் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஹீரா சிங் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. ஒரு மாத்திரை 0.3 கிராம் எடை உள்ளது என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாத்திரைகளிலேயே சிறிய அளவு தாண்டிவிடும். முப்பத்து நான்கு மாத்திரைகளில் வணிக அளவும் தாண்டிவிடும். மாத்திரைக்குள் உண்மையான எம்.டி.எம்.ஏ. எவ்வளவு என்று வாதிட்டுப் பயனில்லை.

இந்தக் கணக்கில் சிக்குபவர்கள் பெரும்பாலும் வியாபாரிகள் என்று எண்ணிவிட வேண்டாம். புத்தாண்டுக்காக ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர்கள் பணம் சேர்த்து, அவர்களில் ஒருவரை வாங்கி வர அனுப்பினால், வழியில் சோதனையில் பிடிபடும்போது அத்தனை பேருடைய மாத்திரைகளும் அவர் ஒருவரின் கைவசம் இருந்தவையாகவே எடை போடப்படும். பணம் அனுப்பிய மற்றவர்களும் 29-ஆம் பிரிவின்படி கூட்டுச் சதியில் சேர்க்கப்படலாம். ஜிபே பரிமாற்றமும் வாட்ஸ்அப் உரையாடலும் அதற்குச் சான்றாக வைக்கப்படும். லாபம் எதுவும் எடுக்காமல் நண்பருக்குக் கொடுத்தேன் என்பது சட்டத்தின் பார்வையில் விலக்கு அல்ல.

வணிக அளவு வழக்கில் ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம். குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, ஜாமீனில் வெளியே வந்தால் மறுபடி குற்றம் செய்யமாட்டார் என்ற இரண்டிலும் நீதிமன்றம் நிறைவடைந்தால் மட்டுமே 37-ஆம் பிரிவு ஜாமீனுக்கு வழிவிடுகிறது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவே காவல்துறைக்கு 180 நாள் அவகாசம் உண்டு. நீதிமன்றம் அதை ஓராண்டு வரை நீட்டிக்கலாம். இருபது வயதுப் பையனுக்கு அந்தக் காலத்தில் கல்லூரியும் வேலையும் போய்விடும். போதைப்பொருள் குற்றவாளிகளை விசாரணையின்றி ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்க, குண்டர் சட்டம் என்று நாம் அழைக்கும் 1982-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் இடம் தருகிறது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் பெறவும் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படும்.

பயன்படுத்தியதற்கு மட்டும் 27-ஆம் பிரிவில் தனித் தண்டனை உண்டு. கோகைன், மார்ஃபின், ஹெராயின் மற்றும் அரசு அறிவித்த பொருள்களுக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். போதையில் வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவும் சேரும். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். தொப்பூர்க் கணவாய் வழியே அதிகாலையில் இருசக்கர வாகனத்தில் ஊர் திரும்புகிறவர் அபராதத்தைவிடப் பெரிய ஆபத்தில் இருக்கிறார் என்பதை அந்தச் சாலையை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உடலுக்கு நேர்வது

சட்டத்தின் தண்டனை பிடிபட்டவருக்கு மட்டும்தான்; உடலுக்கு நேர்வதோ பிடிபடாதவரையும் விடுவதில்லை. எம்.டி.எம்.ஏ. உடலின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பைக் குலைக்கிறது. நெரிசலான அறையில் மணிக்கணக்கில் ஆடும்போது உடல் வெப்பம் அபாய அளவுக்கு ஏறினால் தசைகள் சிதைந்து, அந்தச் சிதைவுப் பொருள்கள் சிறுநீரகத்தை அடைத்துச் செயலிழக்கச் செய்யும். இதைத் தடுக்கலாம் என்று நினைத்து லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் குடித்தால், இரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்கி வலிப்பு வரும். மனச்சோர்வுக்காக மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் இதையும் எடுத்துக்கொண்டால் மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் மிகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சில நாள்களுக்குத் தொடரும் கடுமையான மனவாட்டமும் இதன் பின்விளைவுதான். தம் பிள்ளை வாரத்தின் நடுவில் மட்டும் காரணமில்லாமல் சோர்ந்திருப்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டியது இதற்காகவே.

கோகைன் இளம் வயதினருக்கும் மாரடைப்பை வரவழைக்கும். மதுவோடு சேரும்போது கல்லீரல் இரண்டையும் சேர்த்து உருவாக்கும் புதிய பொருள் இதயத்துக்கு மேலும் கேடு. மெத்தபெட்டமைன் தூக்கத்தைப் பறித்து, யாரோ தம்மைக் கொல்ல வருகிறார்கள் என்ற நம்பிக்கையில் ஆளைத் தள்ளும். கெட்டமைனைத் தொடர்ந்து எடுத்துக்கொள்பவரின் சிறுநீர்ப்பை சுருங்கிப் புண்ணாகி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை வலியோடு சிறுநீர் கழிக்க வேண்டிய நிலை வருகிறது. இவற்றையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது, எந்த மாத்திரையில் எது இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது என்ற உண்மைதான். ஒரு பெயரில் வாங்கியது வேறொன்றாக இருப்பதும், ஒரே பொட்டலத்தில் உள்ள இரண்டு மாத்திரைகளின் வீரியம் வேறுபடுவதும் உலகெங்கும் ஆய்வகங்கள் கண்ட உண்மை.

நம் பகுதியில் கொண்டாட்ட மாத்திரைகளைக் காட்டிலும் எளிதாகக் கிடைப்பது வலி நிவாரண மாத்திரையும் தூக்க மாத்திரையும். மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் சிறிய ஊர்கள் வரை வந்துவிட்டது. மாத்திரையில் உள்ள கரையாத மாவு இரத்தக் குழாயை அடைக்கும். பகிர்ந்துகொண்ட ஊசி எச்.ஐ.வி.யையும் கல்லீரல் அழற்சி சி வைரஸையும் கொண்டு சேர்க்கும். மருந்துக் கடையில் வாங்கியதுதானே என்ற ஆறுதலும் சட்டத்தில் செல்லாது: தூக்க மாத்திரைகளான அல்பிரசோலம், நைட்ரசெபம் ஆகியவை இந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை; வலி மாத்திரையான டிரமடால் 2018-இல் சேர்க்கப்பட்டது. தூக்க மாத்திரையை நீண்ட நாள் எடுத்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். ஆகவே அறையில் பூட்டி வைத்து நிறுத்தச் செய்யும் வீட்டு வைத்தியம் ஆபத்தானது. நிறுத்துவதையும் மருத்துவர்தான் வழிநடத்த வேண்டும்.

ஒருவர் மயங்கி விழுந்தாலோ, உடல் நெருப்பாகச் சுட்டாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு மெதுவாகி உதடு நீலம் பாய்ந்தாலோ, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மயங்கியவரைப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். மோரோ எலுமிச்சைச் சாறோ வாயில் ஊற்றக் கூடாது. என்ன எடுத்துக்கொண்டார், எப்போது, எவ்வளவு, மது சேர்ந்ததா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவசர நிலையில் வந்தவருக்கு, காவல்துறை நடைமுறைகளுக்காகக் காத்திராமல் முதலில் சிகிச்சை தர வேண்டும் என்பது 1989-இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மருத்துவர்களுக்கும் விதித்த கடமை. மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் குறித்துக் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பக்கூடும் என்பது உண்மைதான். அதற்கு அஞ்சி நண்பனை அறையிலேயே கிடத்தி விடியட்டும் என்று காத்திருப்பதால் போகும் உயிரை எந்த வழக்கறிஞராலும் மீட்க முடியாது.

தமக்குத் தெரியாமல் பானத்தில் எதையோ கலந்து கொடுத்துவிட்டார்கள் என்று சந்தேகிப்பவர், குறிப்பாகப் பெண்கள், அன்றே மருத்துவமனைக்குச் சென்று சிறுநீர், இரத்த மாதிரிகளைக் கொடுக்க வேண்டும்; சில பொருள்கள் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் உடலிலிருந்து மறைந்துவிடும். குற்றம் செய்யும் நோக்கத்துடன் மயக்கப் பொருள் கொடுப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 123-ஆம் பிரிவில் பத்தாண்டு வரை சிறை உண்டு. இங்கே அவர் பாதிக்கப்பட்டவர், குற்றம் சாட்டப்பட்டவர் அல்லர்.

64-ஏ, 39 ஆகிய பிரிவுகளின் உண்மையான அளவு

இனி, தொடக்கத்தில் சொன்ன பாதுகாப்புக்கு வருவோம். வழக்கு எதுவும் இல்லாத ஒருவர், தமக்குப் பழக்கம் இருக்கிறது என்று சொல்லி மனநல மருத்துவரிடம் போவது குற்றமே அல்ல. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அதன் 23-ஆம் பிரிவு நோயாளி பற்றிய தகவல்களை இரகசியமாகக் காக்க வேண்டிய கடமையை விதிக்கிறது. எனவே சிகிச்சைக்கு வருவதற்கு மிகச் சிறந்த காலம் வழக்கு வருவதற்கு முந்தைய காலம்தான்.

வழக்கு வந்துவிட்டால் 64-ஏ உதவும்; ஆனால் நான்கு நிபந்தனைகளோடு. அவர் சட்டத்தின் பொருளில் அடிமையானவராக, அதாவது அந்தப் பொருளைச் சார்ந்து வாழும் நிலைக்கு ஆளானவராக இருக்க வேண்டும். குற்றம் 27-ஆம் பிரிவின் பயன்பாட்டுக் குற்றமாகவோ சிறிய அளவு தொடர்பானதாகவோ மட்டும் இருக்க வேண்டும். சிகிச்சை அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் நடக்க வேண்டும். சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம் என்று பிரிவே சொல்கிறது. முதல் நிபந்தனையில் ஒரு நெருடல் உண்டு. ஒரே ஒரு முறை ஆசைக்கு எடுத்துப் பார்த்து மாட்டிக்கொண்டவர் அடிமையானவர் என்ற வரையறைக்குள் வருவது கடினம். அதனால் இந்தக் கதவு அவருக்கு எளிதில் திறக்காது. இது சட்டத்தில் உள்ள குறை என்றே நான் கருதுகிறேன். இரண்டு மாத்திரை வைத்திருந்தவர் அரை கிராமைத் தாண்டிவிட்டதால் இந்தப் பாதுகாப்பை இழக்கிறார் என்பதும் அதே அளவுக்குக் கவலைக்குரியது. நண்பர்களுக்காக வாங்கி வருபவர் எதை இழக்கிறார் என்பது இப்போது விளங்கும்.

தீர்ப்பில் குற்றவாளி என்று முடிவான பிறகும் 39-ஆம் பிரிவு இருக்கிறது. அடிமையான ஒருவர் மேற்சொன்ன அதே வகைக் குற்றங்களில் குற்றவாளியானால், அவருடைய வயது, நடத்தை, உடல் மன நிலை ஆகியவற்றைப் பார்த்து, அவர் ஒப்புதலோடு, உடனே தண்டனை விதிக்காமல் அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சைக்கு நீதிமன்றம் அனுப்பலாம். ஓராண்டுக்குள் சிகிச்சையின் முடிவைப் பற்றிய அறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும். அறிக்கை நிறைவளித்தால், மூன்றாண்டு வரை குற்றம் செய்யாதிருப்பதாகப் பிணைப்பத்திரம் பெற்று, எச்சரித்து விடுவிக்கலாம். இது நீதிமன்றத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது என்பதால் கேட்காமல் கிடைக்காது. வழக்கறிஞர் மனுவாகத் தர வேண்டும்.

பதினெட்டு வயது நிறையாதவர் என்றால் அவருக்கு இளைஞர் நீதிச் சட்டம், 2015 பொருந்தும். விசாரணை இளைஞர் நீதிக் குழுமத்தில் நடக்கும். குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுத்தவருக்கும், குழந்தையை விற்கவோ எடுத்துச் செல்லவோ பயன்படுத்தியவருக்கும் அந்தச் சட்டத்தின் 77, 78-ஆம் பிரிவுகளில் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வயதை நிரூபிக்கப் பள்ளிச் சான்றிதழை முதல் நாளே கொடுத்துவிட வேண்டும்.

கைது செய்யப்படும்போதும் உரிமைகள் உண்டு. உடலைச் சோதிக்கும் முன், அருகிலுள்ள நடுவர் (மாஜிஸ்திரேட்) அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் முன்னிலையில் சோதனையைக் கேட்கும் உரிமை உண்டு என்பதை 50-ஆம் பிரிவின்படி தெரிவிக்க வேண்டும். பையையோ வண்டியையோ சோதிக்க இது பொருந்தாது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். இந்தச் சட்டத்தின்படி விசாரிக்கும் அதிகாரியிடம் 67-ஆம் பிரிவில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்ள முடியாது என்று 2020-இல் தூஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கு. காவலில் உள்ளவர் எவராக இருந்தாலும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞரைப் பெற உரிமை உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகங்களில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரிலோ 15100 என்ற எண்ணிலோ அணுகலாம்.

எங்கே போவது

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், 2022-இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு புற நோயாளிச் சீட்டு வாங்கியே மருத்துவரைப் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை போன்ற இடங்களில் இருப்பவர்கள் முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்த நாளில் வருகிறார் என்று கேட்கலாம். வெளியே தெரிந்துவிடும் என்று தயங்குபவர்கள் முதலில் தொலைபேசியில் பேசலாம்: போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, போதைப்பொருள் தொடர்பான உதவிக்கும் புகாருக்கும் 1933. விற்பனை பற்றித் தகவல் சொல்ல விரும்புபவர்களுக்குத் தமிழ்நாட்டின் 10581 என்ற எண் இருக்கிறது.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதானால், அது மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று சான்றிதழைப் பார்த்த பிறகே பணம் கட்டவும். சங்கிலியால் கட்டி வைப்பதை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. அடித்துத் திருத்துகிறோம் என்று சொல்லும் இடத்திலிருந்து பிள்ளையை அன்றே அழைத்து வந்துவிட வேண்டும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் எடுத்த சிகிச்சையை நீதிமன்றம் 64-ஏ பிரிவுக்கு ஏற்காது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் முதல் நாள் வாங்கிய புற நோயாளிச் சீட்டு, மருந்துக் குறிப்பு, சேர்க்கை மற்றும் விடுவிப்பு அறிக்கை, தொடர் பரிசோதனைத் தேதிகள் ஆகிய அனைத்தையும் தேதி வரிசையில் ஒரு கோப்பில் வைத்து, நகலை வழக்கறிஞரிடம் கொடுக்கவும். தாமாக முன்வந்து சிகிச்சையைத் தொடங்கினார், முழுமையாக முடித்தார் என்ற இரண்டையும் நீதிமன்றத்தில் காட்டுவதற்கு அந்தக் கோப்புதான் ஆதாரம்.